திருவருகைக் காலம்: நவம்பர் வந்தாலே என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். அப்பா வீடு ஆர்.சி. (கத்தோலிக்கர்), அம்மா வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). ஆகவே நவம்பர் பாதி கழிந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதே சந்தேகங்கள் வந்து சேரும். வகுப்புப் பிள்ளைகள், அவர்களை அழைத்துப்போக வாசலில் நிற்கும் பெற்றோர், தொலைபேசியில் சித்திமார். சொன்னதையே திரும்பச் சொல்லி வாய் ஓய்ந்துபோனதால் எழுதி வைத்துவிட்டேன். நான் குருமடத்தில் படித்தவனில்லை. பெயர்களையும் வசனங்களையும் இரு பக்கத்து வழக்கிலும் கலந்தே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்வென்ட் என்பதும் திருவருகைக் காலம் என்பதும் ஒன்றுதானா?

ஒன்றுதான். 'அத்வெந்துஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். அதை ஆர்.சி. ஆலயங்களில் திருவருகைக் காலம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள்; சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பெரும்பாலும் அட்வென்ட் என்றே சொல்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலம் அது. திருச்சபையின் ஆண்டுக் கணக்கு ஜனவரியில் அல்ல, இங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறுகிறதே, எப்படிக் கணக்கிடுவது?

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. நவம்பர் 27-க்கு முன்னால் வராது, டிசம்பர் 3-ஐத் தாண்டாது. 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28, 2028-இல் டிசம்பர் 3.

இந்த 2028 கொஞ்சம் தொல்லை பிடித்த ஆண்டு. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வருகிறது; ஆகவே டிசம்பர் 24 காலையில் நான்காம் ஞாயிறு, அன்று மாலையே கிறிஸ்து பிறப்பு விழா. 2023-இலும் இப்படித்தான் வந்தது. காலம் மொத்தமே 22 நாள்தான். "ஒரே பூசையில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாமா?" என்று அப்போது என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கத்தோலிக்கருக்கு அவை இரண்டு வெவ்வேறு கடன்கள். இரண்டு திருப்பலிக்கும் போகத்தான் வேண்டும். பலகாரத்தை சனிக்கிழமையே சுட்டுவிடுங்கள்.

இது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் போலத்தானே? மீன், கறி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். இன்றைய கத்தோலிக்க ஒழுங்கில் இந்தக் காலத்துக்கென்று கட்டாய நோன்பு இல்லை. ஆனால் உங்கள் பாட்டி "அந்தக் காலத்தில் நோன்பு உண்டு" என்று சொன்னால் மறுக்காதீர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்கச் சொன்னார். இந்தக் காலத்தின் பழைய வேர்களில் அது ஒன்று. பக்கத்தில் கேரளத்தில் யாக்கோபாயர் போன்ற சிரியன் சபையார் இன்றும் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நாள் நோன்பு பிடிக்கிறார்கள்.

குருவானவரின் ஊதா உடையைப் பார்த்துத்தான் பலர் தவக்காலம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு வித்தியாசத்தைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். தவக்காலத்தில் அல்லேலூயா நின்றுவிடும், இப்போது நிற்பதில்லை. வானவர் கீதம் மட்டும் ஞாயிறுகளில் பாடப்படாது. பெத்லகேம் வயல்வெளியில் வானவர் பாடிய பாட்டு அது. அந்த இரவு வரும்வரை அதை எடுத்து வைத்திருக்கிறோம்.

இந்தக் காலத்தில் ஆலயத்தில் வைக்கும் இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரி ஏன்? ஒன்று மட்டும் ஏன் ரோஸ்?

நான்கு ஞாயிறுக்கு நான்கு. மூன்றாம் ஞாயிறுக்கு ரோஸ். அன்றைய பழைய வருகைப் பாடல் "மகிழுங்கள்" என்று, பிலிப்பியர் 4:4-இலிருந்து தொடங்கும். பாதிக்கு மேல் வந்துவிட்டோம் என்று ஊதாவைக் கொஞ்சம் வெளுக்க விடுகிறார்கள், அவ்வளவே. முதல் திரி எதிர்நோக்கு, இரண்டாவது சமாதானம் என்று பெயர் வைத்துச் சொல்வது நல்ல வழக்கம்தான். ஆனால் கத்தோலிக்கத் திருவழிபாட்டு நூலில் அந்தப் பெயர்கள் இல்லை. வரிசையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இதற்காகப் பீடச் சிறுவர்கள் சண்டை போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

வளையம் மிகப் பழையது என்று நினைப்போம், அப்படியில்லை. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர், "கிறிஸ்துமஸ் எப்போது?" என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் திரிகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு. தரங்கம்பாடியில் லுத்தரன்கள் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் எழுந்தது. வளையத்தைவிட அந்த ஆலயத்துக்கு நூற்றிருபது வயது கூடுதல். கத்தோலிக்கர்கள் இதை எடுத்துக்கொண்டது அதற்கும் பிறகு, இருபதாம் நூற்றாண்டில். ஆகவே பைன் இலை கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். சவுக்குக் கிளை போதும்.

பைபிளில் அட்வென்ட் எங்கே இருக்கிறது? எங்கள் சபையில் இதெல்லாம் கிடையாது.

அந்தச் சொல் பைபிளில் இல்லை. இதை அனுசரிக்காவிட்டால் குறையும் இல்லை. "ஒருவன் ஒருநாளை மற்றொரு நாளிலும் விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான்" என்று ரோமர் 14:5-இல் பவுல் இரு தரப்பையும் விட்டுவிடுகிறார். நானும் விட்டுவிடுகிறேன். ஆனால் காத்திருப்பவர்கள் பைபிள் முழுக்க இருக்கிறார்கள். அவர்களை வரிசையாக நினைத்துப் பார்க்க நான்கு வாரம் ஒதுக்கியிருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் வருகிறது என்று ஆசையாகக் கோவிலுக்குப் போனால் உலக முடிவைப் பற்றி வாசிக்கிறார்கள். ஏன் இந்தப் பயமுறுத்தல்?

முதல் ஞாயிறு நற்செய்தியைக் கேட்டுவிட்டு என் வகுப்பில் ஒரு பையன், "சார், தப்பான பக்கத்தை வாசித்துவிட்டார்கள்" என்றான். தப்பில்லை. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மாறி மாறி வந்தாலும், முதல் ஞாயிறில் வருவது மானிடமகனாகிய இயேசு திரும்பி வரும் நாளைப் பற்றிய பகுதிதான். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான். நான்காம் ஞாயிறில்தான் மரியாவும் யோசேப்பும் கண்ணில் படுகிறார்கள். குழந்தையைக் கடைசிவரை காட்டுவதே இல்லை.

இந்தக் காலம் கதையை முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்கிறது. முதலில் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும்: எல்லாம் நேராக்கப்படும் ஒரு நாளுக்காக. அதைச் செய்ய வருபவர் முதல் முறை எப்படி வந்தார் என்பது பிறகு. குடிலை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த முதல் வாசகம் பயமுறுத்தலாகத் தெரியும். தீர்ப்பு வராதா என்று ஏங்கிக் கிடப்பவருக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

இயேசு பிறந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகிவிட்டது. பிறந்தவர் பிறப்பதற்காகக் காத்திருப்பது நடிப்பு இல்லையா?

அவர் பிறக்கவே இல்லை என்று பாவனை செய்தால் நடிப்புதான். முந்தைய பதிலில் சொன்னபடி, உண்மையில் காத்திருப்பது திரும்பி வருவதற்காக. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி கிளேர்வோ பெர்நார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்: உடலெடுத்து வந்தது ஒன்று, மாட்சியோடு வரப்போவது ஒன்று, இரண்டுக்கும் நடுவே யார் கண்ணுக்கும் படாமல் மனத்துக்குள் வருவது ஒன்று. எனக்கு அந்த நடு வருகை பிடித்திருக்கிறது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் எல்லாம் மன ஆறுதலாகச் சுருங்கிவிடும்.

"இத்தனை காலம் வராதவர் இனியா வருவார்?" என்று அடுத்து கேட்பீர்கள். அதுவும் பழைய கேள்விதான்; பேதுருவின் இரண்டாம் நிருபத்திலேயே பரியாசக்காரர் வாயில் வருகிறது. தாமதமல்ல, ஒருவரும் கெட்டுப்போகாமல் மனந்திரும்பப் பொறுத்திருக்கிறார் என்பது அங்கே கிடைக்கும் பதில்.

விசுவாசம், நம்பிக்கை, எதிர்நோக்கு: மூன்றும் ஒன்றுதானே?

தமிழில் இது பெரிய குழப்பம். குழப்பியது நாம்தான். 1 கொரிந்தியர் 13:13-ஐ அம்மா வீட்டு வேதாகமத்தில் திறந்தால் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்றிருக்கும். அப்பா வீட்டு விவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". நம்பிக்கை என்ற ஒரே சொல் ஒரு வீட்டில் இரண்டாவது, மற்ற வீட்டில் முதலாவது. சிறுவனாக இருந்தபோது இரு வீட்டு ஜெபத்திலும் மாறி மாறி உட்கார்ந்து, பெரியவர்கள் வெவ்வேறு விஷயம் பேசிக்கொண்டு ஒத்துப்போவதாக நினைத்துத் தலையாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் எதிர்நோக்கு என்றே எழுதுகிறேன். கொஞ்சம் கரடுமுரடான சொல்; 2025 யூபிலி ஆண்டில் "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று எங்கும் எழுதி வைத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதற்குள் 'நோக்கு' இருக்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் சொல் அது.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைப்பதுதானே எதிர்நோக்கு?

இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைக்க ஓர் ஆளே தேவையில்லை. நல்ல மனநிலை போதும். எதிர்நோக்குக்கு வாக்குக் கொடுத்த ஒருவர் வேண்டும். எபிரேயத்தில் எதிர்நோக்குக்குரிய 'திக்வா' என்ற சொல்லுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. யோசுவா 2-இல் ராகாப் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கு வருவதும் அதே சொல்தான். கயிற்றுக்கு மறுமுனை வேண்டும்; அங்கே யாராவது பிடித்திருக்க வேண்டும்.

இதைத் தமிழருக்கு விளக்க எபிரேயம் வரை போக வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றும். முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். கார்காலத்துக்குள் வருவேன் என்று சொல்லிப் போனவனுக்காகத் தலைவி காத்திருக்கிறாள். மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, அவனைக் காணோம். ஒரு சங்கப் பாட்டில் அவள் சொல்வது: காடே இது கார்காலம் என்று சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கண்ணெதிரே பூத்திருக்கும் மரத்தைவிட அவன் சொல்லை அவள் பெரிதாக எடுத்துக்கொள்கிறாள். மீட்பர் வருவார் என்று ஏசாயா தீர்க்கதரிசியைப் படித்துக்கொண்டிருந்தவர்களும் இப்படித்தான் காத்திருந்தார்கள். பழைய ஏற்பாட்டின் கடைசித் தீர்க்கதரிசி மல்கியாவுக்கும் திருமுழுக்கு யோவானுக்கும் நடுவே ஏறக்குறைய நானூறு ஆண்டு. எத்தனை கொன்றை பூத்து உதிர்ந்திருக்கும்!

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

யாக்கோபு 5:7-இல் காத்திருப்பவர் ஓர் விவசாயி. "முன்மாரியும் பின்மாரியும் வருமளவும்" காத்திருக்கிறார். டெல்டாவில் சம்பா நட்டிருக்கும் ஒருவரிடம் போய், மழை வரும்வரை சும்மாதானே இருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வரப்பு வெட்டுவதும் களை எடுப்பதும் வாய்க்காலைப் பார்ப்பதும் அவர் வேலை. மழை மட்டும் அவர் கையில் இல்லை.

டிசம்பர் முதல் வாரத்திலேயே கேரல் பாடலாமா? ஸ்டார் எப்போது போடுவது?

கண்டிப்பாகச் சொன்னால் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் டிசம்பர் 24 இரவிலிருந்துதான். நடைமுறையில், ஐந்நூறு வீடு உள்ள சேகரத்தில் கேரல் ரவுண்ட்ஸ் போகும் பாடகர் குழு முன்னாலேயே தொடங்காவிட்டால் பொங்கல்வரை பாடிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நடுவில் அரையாண்டுத் தேர்வு வேறு. நான் இதில் போலீஸ் வேலை பார்ப்பதில்லை. வீட்டுக்குள் மட்டும் ஒரு சின்ன ஏற்பாடு: குடிலை முதல் ஞாயிறே வைக்கிறோம், தொட்டி காலியாக இருக்கும். குழந்தை இயேசு சொரூபம் பீரோவுக்குள். அந்தக் காலித் தொட்டியை என் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதைப்போல வேறு எந்த அலங்காரத்தையும் பார்த்ததில்லை.

டிசம்பர் 17-க்குப் பிறகு ஏதோ விசேஷம் என்கிறார்களே?

17 முதல் 23 வரை ஏழு மாலை. மாலைப் புகழ் என்னும் மாலை செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு விளிப்பு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் ஒளியே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. எல்லாம் "வாரும்" என்ற வேண்டலில் முடியும். லத்தீனில் இந்த ஏழின் முதலெழுத்துக்களைக் கடைசியிலிருந்து கோத்தால் 'ஏரோ க்ராஸ்' என்று வரும்: நாளை வருவேன். 23-ஆம் தேதி மாலைதான் அந்த விடை முழுமையாகும்.

நம் ஊரில் அப்போது மார்கழி பிறந்திருக்கும். அதிகாலையில் கோலத்துக்கு எழுந்தவர்களும், பாவை நோன்புக்கு எழுந்தவர்களும் தெருவில் இருக்கும் நேரத்தில் முதல் ஞாயிறு கேட்ட "விழித்திருங்கள்" என்ற வாசகத்தை நினைத்துக்கொண்டு கோவிலுக்குப் போவது எனக்குப் பிடிக்கும். டிசம்பர் 20-க்குரிய திறவுகோல் விளிப்பை மட்டும் நினைவில் வையுங்கள். சிறையில் கட்டுண்டவனை வெளியே கொண்டுவர வாரும் என்று அதில் வேண்டுகிறோம். இன்னும் இரண்டு கேள்வி தள்ளி அது தேவைப்படும்.

பதினோரு ஆண்டாகக் குழந்தை இல்லை. "எலிசபெத்துக்குக் கிடைத்ததே, உனக்கும் கிடைக்கும், காத்திரு" என்கிறார்கள். கேட்டாலே வெறுப்பாக இருக்கிறது. இது பாவமா?

பாவமில்லை. முதுமையில் திருமுழுக்கு யோவானைப் பெற்ற எலிசபெத்தின் கதையை எல்லாருக்குமான உத்தரவாதச் சீட்டாக லூக்கா எழுதவில்லை. பிறக்கப்போகும் யோவான் யார் என்று சொல்ல எழுதினார். அவள் கணவர் சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்ற வரி, குழந்தைச் செய்தி வருவதற்கு முன்பே, 1:6-இல் வந்துவிடுகிறது. குறை அவர்களிடம் இருந்தது என்று ஒருவரும் பேச இடமில்லை. அடுத்த அதிகாரத்தில் பனுவேலின் மகள் அன்னாள் வருகிறாள். ஏழு ஆண்டு மணவாழ்க்கை, பிறகு நெடுங்காலக் கைம்மை. அவளுக்குப் பிள்ளைகள் இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அவளும் இந்தக் காலத்தின் ஆள்தான். அவளை உதாரணம் காட்டி யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

அடுத்த முறை யாராவது "காத்திரு" என்றால், "நீங்கள் என்னோடு காத்திருக்கிறீர்களா, இல்லை சொல்லிவிட்டுப் போகிறீர்களா?" என்று கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லலாம்.

காத்திருந்தும் கிடைக்கவே இல்லை என்றால்? அப்புறம் சந்தேகம் வராதா?

வரும். திருமுழுக்கு யோவானுக்கே வந்தது. முன்பு சொன்ன சுழற்சியில் மத்தேயு வாசிக்கப்படும் ஆண்டு, "மகிழுங்கள்" என்று ரோஸ் திரி ஏற்றும் அதே மூன்றாம் ஞாயிறில், நற்செய்தி சிறையிலிருந்து வருகிறது. சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேருஸ் கோட்டையில் அவர் அடைபட்டிருந்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். வழியை ஆயத்தம் செய்தவர், ஆற்றில் நின்று விரல் நீட்டிக் காட்டியவர், இப்போது ஆள் அனுப்பிக் கேட்கிறார்: வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?

இயேசு கோபப்படவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுகிறது என்று ஏசாயாவின் வார்த்தைகளை வரிசையாகச் சொல்லி அனுப்புகிறார். ஏசாயா 61:1-ஐ எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று விடுபட்டிருக்கும்: சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. வேதத்தை மனப்பாடமாக அறிந்த யோவானுக்கு அந்த மௌனம் கேட்டிருக்கும். நாம் டிசம்பர் 20-இல் பாடும் திறவுகோல் அவருடைய பூட்டுக்கு வரவில்லை. மத்தேயு 14-இல் அவர் தலை தட்டில் வருகிறது.

இதற்கு மேல் மழுப்பமாட்டேன். நான் கவனிப்பது ஒன்றுதான்: யோவான் தன் சந்தேகத்தை ஊராரிடம் சொல்லிப் புலம்பவில்லை, உள்ளேயே புதைக்கவும் இல்லை, சந்தேகத்துக்கு உரியவரிடமே அனுப்பினார். அவருடைய ஆட்கள் திரும்பிப்போன பிறகு இயேசு கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்றார். கேள்வி கேட்டு அனுப்பிய அன்றைக்கே சொன்னார்.

எங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஒரு சாவு. ஸ்டார் போடலாமா? திருவருகைக் காலம் எங்களுக்கு உண்டா?

சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு ஸ்டார் கட்டாமல், புதுத்துணி எடுக்காமல், பலகாரம் சுடாமல் இருப்பது நம் வழக்கம். திருச்சபைச் சட்டம் அல்ல. கட்டினாலும் பாவமில்லை, கட்டாவிட்டாலும் பாவமில்லை. ஆனால் விழாவை விட்டுவிடுவதோடு இந்த நான்கு வாரத்தையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. கிறிஸ்துமஸைவிட இந்தக் காலம் உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். மூன்றே நாளில், டிசம்பர் 3-இல், முதல் ஞாயிறு. வளையத்தில் திரி ஏற்றிய கைகள் அந்த ஆண்டு கடற்கரையைப் பார்த்தே ஏற்றியிருக்கும். சிலர் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை, உடல்கூடக் கிடைக்காத குடும்பங்கள் உண்டு. முல்லையைப் பற்றி மேலே எழுதினேன். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இருத்தலையும் இரங்கலையும் தனித்தனித் திணையாக இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. அந்த டிசம்பரில் ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருந்தன.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். முதல் ஞாயிறு மாலை ஒரு திரி ஏற்றுங்கள். வளையம்கூட வேண்டாம், ஒரு தட்டு போதும். இறந்தவர் பெயரைச் சொல்லி 130-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் அதில் வருகிறார். அடுத்த ஞாயிறு இரண்டு. ஸ்டாரைப் பரணிலிருந்து இறக்குவதா வேண்டாமா என்பதை 24 மாலை பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பக்கத்து வீட்டார் கேட்டால் பதில் சொல்லவேண்டியதில்லை.